மூன்று ஏக்கரில் முப்பத்தொரு லட்சம்

கீழ்வேளூர்
27.10.2025

அன்புத் தம்பி மதிவாணனுக்கு அக்கா அமிர்தம் எழுதுவது. நான் சௌக்கியம். முட்டிவலி என்னைவிடச் சௌக்கியம். நீ, வானதி, கவிப்ரியா மூவரும் நலம்தானே? வதோதராவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

தீபாவளிப் புடவை வந்து சேர்ந்தது. பார்சலின் ஓரம் பிரிந்திருந்தது. தபால்காரரைக் கேட்டால் "மழைல ஊறிப்போச்சும்மா" என்கிறார். புடவை நனையாமல் அட்டை மட்டும் எப்படி ஊறும்? சரி, போகட்டும்.

ஸ்பீடு போஸ்டில் ஒரு காகிதம் வந்திருக்கிறது. வருமான வரி இலாகா என்று தலைப்பு. 2023-24ஆம் வருஷத்துக்கு நான் விவசாய வருமானம் முப்பத்தொரு லட்சம் என்று காட்டியிருக்கிறேனாம். சரிபார்த்து, தப்பு இருந்தால் மார்ச் 31க்குள் நானே திருத்திய கணக்குக் கொடுக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது கடைமடையில் மூன்று ஏக்கர். தண்ணீர் வந்தால் வெள்ளமாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. அதில் முப்பத்தொரு லட்சம் விளையுமா? நம் அறுவடை மிஷினில் வருகிற வாடகையைச் சேர்த்தாலும் பத்து லட்சத்தைத் தாண்டாது. திருட்டுப்பயல்கள் அனுப்பிய காகிதம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

எதற்கும் உன்னைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். மாமா என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடியதிலிருந்து என் வரிக்கணக்கு முழுவதும் நீதானே பார்க்கிறாய்.

ஒரு போன் பண்ணிக் கேட்டால் என்ன என்று வானதி சிரிப்பாள். போன வருஷம் ஆடியில் "அக்கா, மதி பேசுறேன், ஆஸ்பத்திரில இருக்கேன், அவசரம்" என்று அச்சு அசல் உன் குரலில் பேசி முப்பத்தெட்டாயிரத்தைப் பிடுங்கினானே ஒருவன், அவளுக்கு அவனை நினைவுபடுத்து. குரலை யார் வேண்டுமானாலும் போடலாம். ஏழுக்கு நடுவில் கோடு கிழிக்கிற உன் கையெழுத்தை எவனாலும் போட முடியாது. காசு விஷயம் என்றால் இனி காகிதம்தான். நீயும் உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா அமிர்தம்


வதோதரா 390007
5.11.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் மூவரும் நலம். கவிப்ரியா உங்களை ரொம்பக் கேட்டாள். முட்டிக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

நீங்கள் நினைத்தது சரி. அது சுத்த ஏமாற்று வேலை. இப்படி ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள். கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். அதிலுள்ள எந்த எண்ணுக்கும் பேச வேண்டாம். யாரிடமாவது காட்டினீர்களா?

மழை எப்படி? மிஷினை மேட்டில் ஏற்றி நிறுத்தியாகிவிட்டதா? டிரைவர் துரைராசு ஒழுங்காக வருகிறானா? சம்பா அறுவடைக்கு முன்னால் செயினை மாற்றிவிடுங்கள். பணம் வேண்டுமானால் நான் அனுப்புகிறேன். அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
மதி


கீழ்வேளூர்
17.11.2025

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லாம் சுகம். உன் கடிதத்தைப் பார்த்தவுடன் நிம்மதியாக இருந்தது.

காகிதத்தைக் கிழிக்கவில்லை. நான் எந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கிறேன்? மாமா இருந்த காலத்து டீசல் பில்லெல்லாம் இன்னும் கம்பியில்தான் குத்தியிருக்கிறது. இதையும் அதில் குத்திவைத்தேன். குத்தும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் பான் எண் அதில் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. திருட்டுப்பயலுக்கு அது எப்படிக் கிடைத்தது? எனக்குத் துரைராசு மேல் சந்தேகம். மிஷின் இன்ஷூரன்ஸ் காகிதங்கள் அவனிடம்தான் இருந்தன. டீசல் டேங்கில் நான் குச்சி விட்டு அளப்பதை அவன் பார்த்துவிட்ட நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

நாகப்பட்டினத்தில் இர்ஃபானா என்று ஒரு பெண் வரிக்கணக்கு எழுதுகிறாள். அவள் வாப்பா நிலத்தை வருஷா வருஷம் நம் மிஷின்தான் அறுக்கிறது. அவளிடம் இதைக் காட்டி, போலீசில் புகார் கொடுக்க வழி கேட்கலாம் என்றிருக்கிறேன்.

யாரிடமாவது காட்டினீர்களா, யாரிடமும் காட்ட வேண்டாம் என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். என் பயம் உனக்கும் தொற்றிக்கொண்டதா?

அக்கா


வதோதரா
24.11.2025

அக்காவுக்கு, நலம். அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இர்ஃபானாவோ வேறு யாரோ, போக வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் இல்லாத பயத்தைக் கிளப்பிக் காசு பார்ப்பார்கள். போலீசும் வேண்டாம். அந்தக் காகிதத்தை அப்படியே எனக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். நகல் எடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் அங்கேயும் விவரம் திருடுவார்கள்.

முட்டி வைத்தியத்துக்கு உங்கள் கணக்கில் இருபத்தையாயிரம் போட்டிருக்கிறேன். தஞ்சாவூரில் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

மதி


கீழ்வேளூர்
20.12.2025

அன்புத் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். ஒரு மாதம் பதில் எழுதவில்லை. மழை ஒரு காரணம். பயிர் நான்கு நாள் தண்ணீரில் நின்றது. வடித்துவிட்டோம், பிழைத்துக்கொள்ளும். பணம் வந்தது. முட்டிக்காக நீ இருபத்தையாயிரம் அனுப்புவது இதுதான் முதல் தடவை.

இர்ஃபானாவிடம் போய்விட்டேன். கோபிக்காதே. முதலில் அவளையும் நம்பவில்லை. காகிதத்தை என் கையில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்துதான் காட்டினேன். மேலே ஒரு நீள எண் இருக்கிறது. அதை இலாகாவின் சொந்த வலைத்தளத்தில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடுமாம். என் கண் முன்னால் போட்டாள். அசல், தம்பி.

அடுத்து ஒன்று சொன்னாள். "உங்க மிஷின் உங்க மூணு ஏக்கர்ல அறுத்தா அது விவசாயம்மா. எங்க வாப்பா வயல்ல காசுக்கு அறுத்தா அது தொழில். தொழிலுக்கு வரி உண்டு." வயலில் வருகிற காசுக்கு வரி இல்லை என்றுதான் மிஷின் வைத்திருக்கிற அத்தனை பேரும் இந்தத் தாலுகாவில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். சேற்றில் இறங்கிச் சம்பாதித்தால் விவசாயம் இல்லாமல் வேறென்ன என்று அவளிடம் சண்டைக்கே போனேன். "சேறு வேற, சட்டம் வேற" என்கிறாள்.

குறைத்துக் காட்டினால் அந்த வரியில் பாதி அபராதம். பொய்யாகக் காட்டினால் வரியைப்போல இரண்டு மடங்கு. இப்போது வந்திருப்பது எச்சரிக்கைதானாம், விசாரணை இல்லை. நாமாகப் போய் ஒப்புக்கொண்டால் வரி, வட்டி, இரண்டுக்கும் மேலே கால் பங்கு. அதோடு போயிற்று. மார்ச் தாண்டினால் கால் பங்கு அரைப் பங்காகும். நடுவில் விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். அப்புறம் முப்பத்தொரு லட்சத்தையும் பொய் என்று பிடித்தால், மிஷினோடு மூன்று ஏக்கரையும் விற்றாலும் பத்தாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். நீ மூன்று லட்சத்துப் பத்தாயிரம் என்று அடிக்கப்போய் ஒரு சைபர் கூடிவிட்டதோ? அப்படியென்றால் அப்படி என்று எழுது.

அக்கா அமிர்தம்


வதோதரா
2.1.2026

அன்புள்ள அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துக்கள். கவிப்ரியாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். நீங்கள் வந்து இருந்துதான் பேசி முடிக்க வேண்டும்.

நீங்கள் சொன்னது மிகச் சரி. சைபர் ஒன்று கூடித்தான் போயிருக்கிறது. இரவு பகலாக வேலை, கவனப் பிசகு. நானே பார்த்துச் சரிசெய்கிறேன். மார்ச்சுக்குள் என்று அவசரப்பட வேண்டியதில்லை. இலாகாவில் கோடிக்கணக்கான பேருக்கு இப்படி எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். மிஷின் வாடகைக்கு நம் பக்கத்தில் யார் வரி கட்டுகிறார்கள்? நீங்கள் ஒருவர் கட்டினால் மற்றவர்களுக்கும் தொல்லை. இர்ஃபானாவிடம் கடவுச்சொல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

பொங்கலுக்கு வர முடியாது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

அன்புடன்,
மதி


கீழ்வேளூர்
19.1.2026

மதிவாணனுக்கு,

நான் நலம். பொங்கல் வந்தது, போயிற்று.

சைபர் எதுவும் கூடவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இர்ஃபானாவிடம் போன அன்றே ஆதார் எண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டோம். அதை உனக்கு எழுதவில்லை. துரைராசுவின் டேங்கில் குச்சி விட்ட மாதிரி உன்னிடமும் விட்டுப் பார்த்தேன். "சைபர் இல்லக்கா, வேற ஒண்ணு இருக்கு" என்று நீ எழுதிவிட மாட்டாயா என்று இருந்தேன். நான் நீட்டிய பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டாய்.

வலைத்தளத்தில் என் பெயரில் தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகக் காட்டுகிறது. அதற்கு வட்டி வேறு வந்திருக்கிறது. நான் தஞ்சாவூர் போனது மாமா போன நாற்பதாம் நாள், உன்னோடு. மிஷின் கடனுக்கு மானியம் வரும் என்று சொல்லி நீ கூட்டிக்கொண்டு போனாய். காகிதக் கட்டு முழுவதும் நீ பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தாய், நான் குறி கண்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். மார்கழிக் கடைசியில் அந்த வங்கிக்கு மறுபடி போய், என் கணக்குதானே என்று அதட்டி, அந்த விண்ணப்பத்தின் நகலை வாங்கி வந்தேன். முகவரி வதோதரா. போன் எண் உன்னுடையது. 390007இல் இருக்கிற ஏழுக்கு நடுவில் ஒரு கோடு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். கீழ்வேளூர் வந்தது தெரியாமல் நாகப்பட்டினம் வரை போய்விட்டேன்.

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். தபால்காரர், துரைராசு, வங்கிக்காரர்கள், அந்தப் பெண் இர்ஃபானா. உன்னை மட்டும் விட்டுவைத்தேன். உன் குரலில் எவனோ ஒருவன் என்னை ஏமாற்றினான். உன் கையெழுத்தில் நீயே ஏமாற்றியிருக்கிறாய்.

நிலத்தில் வந்தது ஒரு லட்சம். மிஷினில் செலவு போக ஒன்பது. மீதி இருபத்தொரு லட்சம் யாருடையது? அதை மட்டும் எழுது.

அமிர்தம்


கீழ்வேளூர்
16.2.2026

மதிவாணனுக்கு,

நலம். நான்கு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தபால் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சம்பா அறுவடை நடக்கிறது. இந்தத் தடவை எந்த வயலில் எத்தனை மணி நேரம் என்று நானே வரப்பில் நின்று குறித்துக்கொள்கிறேன். துரைராசு டீசலில் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அவனிடம் சொல்லிவிட்டேன். "பரவால்லம்மா, உங்களுக்கு நாலு பக்கமும் இடி" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 31க்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள். ஒவ்வொரு தடவை தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதும் விசாரணை நோட்டீஸ்தான் என்று வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

அமிர்தம்


வதோதரா
26.2.2026

அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பணம் என்னுடையது. எங்கள் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர்கள் எனக்குக் கொடுத்த கமிஷன். என் கணக்கில் போட்டால் வரி, கேள்வி, கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். உங்கள் பெயரில் விவசாயம் என்று காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு வருஷம்தான் அக்கா. அடுத்த வருஷம் பயந்துகொண்டு நிறுத்திவிட்டேன். உங்கள் காசில் ஒரு ரூபாயைக்கூட நான் தொடவில்லை.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே திருத்தக் கணக்கில் முப்பது லட்சத்தையும் மிஷின் வாடகை என்றே காட்டிவிடுங்கள். வரி, வட்டி, கால் பங்கு எல்லாவற்றையும் நான் கட்டிவிடுகிறேன். இலாகாவுக்கு வேண்டியது பணம்தானே? யாருக்கும் நஷ்டமில்லை, அபராதமும் இல்லை. உங்கள் கையெழுத்து ஒன்று மட்டும் போதும்.

வானதிக்கு எதுவும் தெரியாது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மதி


கீழ்வேளூர்
7.3.2026

மதிவாணனுக்கு,

உன் கடிதம் வந்தது. பணம் என்னுடையது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் பத்துத் தடவை படித்தேன். ஐந்து மாதத்தில் நீ எழுதிய ஒரே உண்மை அது.

உன் வழியை இர்ஃபானாவிடம் சொல்லவில்லை, எனக்கே மானக்கேடு. அந்த மிஷின் ஒரு வருஷத்தில் எத்தனை மணி ஓடும் என்று அதன் மீட்டரே சொல்லும். நாளைக்கு எவனாவது வந்து பார்த்தால் முப்பது லட்சத்துக்கு ஓடியிருக்காது. அப்போது உன் காண்ட்ராக்டர்கள் வந்து நிற்பார்களா, நான்தான் நிற்பேன். மறுபடியும் ஒரு கையெழுத்துக் கேட்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

என் மிஷின் வாடகை ஒன்பது லட்சத்தை நான் காட்டுகிறேன். வரி, வட்டி, கால் பங்கு சேர்த்து எண்பதாயிரத்துக்குள் வருமாம். அது என் அறியாமைக்கு நான் கட்டுவது. அதை நீ கட்டக் கூடாது. உன் இருபத்தொரு லட்சத்தை நீ உன் கணக்கில் காட்டு. உனக்கும் அதே கதவு மார்ச் 31 வரை திறந்திருக்கிறது. பத்து லட்சம்போல ஆகுமாம். விட்டுவிட்டால் எவ்வளவு ஆகும் என்று நீயே கணக்குப் போடு, உனக்குத்தான் கணக்கு நன்றாக வருமே. கம்பெனி விஷயம் நீ பட வேண்டியது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். தஞ்சாவூர்க் கணக்கில் வந்த பணம் முழுவதும் உன்னுடையது, அக்காவுக்குத் தெரியாமல் செய்தது என்று தமிழில் நானே எழுதியிருக்கிறேன். கீழே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் கையெழுத்துப் போடு.

படித்துவிட்டுப் போடு. நான் படிக்காமல் போட்டேன்.

அமிர்தம்


வதோதரா
18.3.2026

அக்காவுக்கு,

படித்துவிட்டுத்தான் போட்டேன். மூன்று தடவை படித்தேன். வானதியையும் படிக்கச் சொன்னேன். சாட்சி என்று கீழே அவளும் போட்டிருக்கிறாள்.

கவிப்ரியா கல்யாணத்துக்குப் போட்டுவைத்த டெபாசிட்டை உடைத்து நேற்றுக் கட்டிவிட்டேன். ரசீது நகல் உள்ளே இருக்கிறது. உறையை ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை இனி நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை.

முட்டி எப்படி இருக்கிறது?

மதி


கீழ்வேளூர்
1.4.2026

தம்பி மதிவாணனுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். தஞ்சாவூர் டாக்டர் முட்டிக்கு மாத்திரை கொடுத்தார். வேலை செய்கிறது என்று அவர் சொல்கிறார், எனக்குச் சந்தேகம்தான்.

28ஆம் தேதி என் திருத்தக் கணக்கு ஏறிவிட்டது. எழுபத்தெட்டாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். இர்ஃபானா பொத்தானை அழுத்தப் போனாள். நான் தடுத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு நானே அழுத்தினேன். இந்த வருஷத்திலிருந்து வாடகைக்கு வருஷத்தில் நான்கு தவணையாக முன்கூட்டியே வரி கட்டிவிட வேண்டுமாம். முதல் தவணை ஜூன் பதினைந்து. காலண்டரில் குறித்துவிட்டேன். மற்ற மிஷின்காரர்களிடமும் சொன்னேன். என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

உன் ரசீதை அவளிடம் கொடுத்து அசலா என்று பார்க்கச் சொன்னேன். வருத்தப்படாதே. அசல்தான்.

நீ கையெழுத்துப் போட்ட காகிதம் கம்பியில் இருக்கிறது. பென்சில் குறியை நீயும் அழிக்கவில்லை, நானும் அழிக்கவில்லை. தஞ்சாவூர்க் கணக்கை மூடியாகிவிட்டது. உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கவிப்ரியாவுக்கு வரன் அமைந்தால் சொல். என்னால் முடிந்ததைச் செய்வேன், பெண்ணுக்காக.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுத்தில் உன்னைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். போன் பண்ணு. பேசுவது நீதானா என்று தெரிந்துகொள்ள, எடுத்தவுடன் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இருபத்தொரு லட்சம் யாருடையது?

தயங்காமல் பதில் சொல்லுகிறவன்தான் என் தம்பி.

அக்கா அமிர்தம்